சிறைக்கைதி, சிறை அமைச்சர், நீதிபதி: வி.ஆர்.கிருஷ்ணய்யர் நடந்து வந்த பாதை

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "வக்கீலாக இருந்து தேர்தலில் நின்று, அமைச்சராகவும் ஆனவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவருடைய வாழ்க்கையை விவரமாகச் சொல்லுங்கள். அரசியலில் இருந்த ஒருவரால் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?"

அவரால் முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் கீழமை நீதிமன்றங்களில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். ஜாமீன் மனு, சிறையிலிருந்து வரும் மனு, இலவச சட்ட உதவி வழக்கு என்று எதை எடுத்தாலும் எங்கேயோ ஓரிடத்தில் அவருடைய தீர்ப்பு குறுக்கே வரும். அதனால் இந்தப் பதிலில் என் பிரியமும் கலந்திருக்கும். ஆனால் அவர் தவறிய இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

கிருஷ்ணய்யர் 1915 நவம்பர் 15 அன்று பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அப்பாவும் வக்கீல். பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு, 1930களின் கடைசியில் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். அப்பாவின் அலுவலகம், அப்பாவின் கட்சிக்காரர்கள் என்று வசதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் வேறு. மலபாரில் அன்று நிலம் ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களிடம் இருந்தது, உழுகிறவர்கள் குத்தகைதாரர்கள், விவசாய சங்கம் வலுவாக வளர்ந்துகொண்டிருந்த நேரம். சங்கத்துக்காரர்கள் மீது வழக்குமேல் வழக்காகப் போட்டார்கள். அந்த வழக்குகளை எடுத்து நடத்தினார்.

1948-ல் அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. இந்த ஒரு மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்கதவு உள்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நீதிபதிகள் இந்த நாட்டில் அதிகம் இருந்ததில்லை.

அந்தக் காலத்துச் சிறை எப்படி இருந்தது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஓர் இடத்தையே சொல்லலாம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட கம்யூனிஸ்ட் கைதிகள். அதே ஆண்டு மே மாதம், கண்ணூர்ப் பக்கத்துக்காரரான ஏ.கே.கோபாலன் தடுப்புக் காவலை எதிர்த்துப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தரப்பு சென்னை மாநில அரசு. சட்டம் ஒன்று இயற்றி, அதில் சொன்ன நடைமுறைப்படி ஒருவரை அடைத்துவிட்டால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்பதுதான் சுருக்கமாக அந்தத் தீர்ப்பு. தலச்சேரி வக்கீல் ஒருவருக்கு இது அடுத்த ஊர்க்காரரின் வழக்கு. இந்த வழக்கைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

சரி, அரசியலுக்கு வருவோம். 1952 தேர்தலில் கூத்துப்பரம்புத் தொகுதியிலிருந்து சுயேச்சையாக நின்று சென்னை சட்டப்பேரவைக்கு வந்தார். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த பிறகு, 1957-ல் தலச்சேரியில் மறுபடியும் சுயேச்சையாகவே நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தலில் கேரளத்தின் 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 கிடைத்தது. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடுதான் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு 1957 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சரானார். அந்த அமைச்சரவையில் சட்டம், மின்சாரம், நீர்ப்பாசனம், சிறை எல்லாம் கிருஷ்ணய்யரிடம் வந்தன. அவர் கம்யூனிஸ்ட் அமைச்சர் என்றே பலரும் எழுதுகிறார்கள். கம்யூனிஸ்ட் அரசின் அமைச்சர் என்பது சரி. தேர்தலில் நின்றது சுயேச்சையாக.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கைதியாக இருந்தவர் இப்போது சிறைத்துறை அமைச்சர். கைதிகளின் உரிமை, ஏழைகளுக்கு இலவச வக்கீல், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மீட்பு இல்லம் என்று அவர் தொடங்கியவை அந்த இரண்டே கால் வருஷத்தில் முடிகிற வேலைகள் அல்ல. ஆனால் பின்னால் நீதிபதியாகச் செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். அரசு பொறுப்பேற்ற சில நாட்களிலேயே குத்தகைதாரர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் வந்தது. கேரளக் கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியபோது, கேரள அரசுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி.என்.பிரிட் என்ற வக்கீல் வந்தார். சட்ட அமைச்சராக இருந்த ஒருவருக்கு அரசியல் சாசனத்தை இதைவிடக் கிட்டத்தில் படிக்க வாய்ப்புக் கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த அந்தக் காலத்தில் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசித்தான் அந்தத் திட்டம் நகர்ந்தது. முறையான ஒப்பந்தம் 1970 மே 29 அன்றுதான் கையெழுத்தானது, ஆனால் முதலில் பேசியபோது கேரளத் தரப்பில் நீர்ப்பாசன அமைச்சர் கிருஷ்ணய்யர். இரண்டு மாநிலங்கள் தண்ணீருக்காக இப்படிப் பேசி முடித்ததை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் இந்திரா காந்தி. கேரள அரசைக் கலைக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களில் முக்கியமானவர். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிருஷ்ணய்யர் பழையபடி வக்கீல் தொழிலுக்கே திரும்பினார். 1965 தேர்தலில் நின்று தோற்றார். 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971-ல் சட்ட ஆணைய உறுப்பினர். இந்தக் காலத்தில் அவர் செய்த பெரிய வேலை, ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1973-ல் கொடுத்த அறிக்கை. 1976-ல் 42-வது திருத்தம் வழியாக அரசியல் சாசனத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது, இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று எழுதப்பட்டது. 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் 'சட்டப்பணிகள் ஆணைக்குழு' என்று ஒரு பலகை இருக்கிறதே, அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் யோசனையில் பாதிக்கு மேல் அவருடையதும், உச்ச நீதிமன்றத்தில் அவரோடு நீதிபதியாக இருந்த பி.என்.பகவதியுடையதும்தான்.

1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்கள். சுமுகமாக நடந்த நியமனம் அல்ல. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்து, மறுநாளே மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியிருந்தார்கள். தனக்குச் சாதகமான ஆட்களை அரசு உள்ளே கொண்டுவருகிறது என்ற கோபம் வக்கீல்கள் மத்தியில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு முன்னாள் அமைச்சர், அதுவும் இடதுசாரி! பம்பாய் வக்கீல்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, தான் அன்று நினைத்தது தவறு என்று பின்னாளில் தயங்காமல் சொன்னார். அந்த எதிர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைய நிலவரத்தில் சந்தேகப்பட நியாயம் இருந்தது. சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்பது வேறு விஷயம். உச்ச நீதிமன்ற நீதிபதியாக என்ன தகுதி வேண்டும் என்று 124-வது பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டு நீதிபதியாகவோ பத்து ஆண்டு வக்கீலாகவோ இருந்திருக்க வேண்டும், அல்லது சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். அரசியலில் இருந்திருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

சந்தேகம் சரியா தப்பா என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார். அரசு ஊழியராக இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது, உத்தரப் பிரதேச அதிகாரிகள் மேடையும் மின்சாரமும் ஏற்பாடு செய்தது ஆகிய இரண்டும்தான் காரணம். ஆறு ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை. உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக் கால நீதிபதி கிருஷ்ணய்யர். தனி நீதிபதியாக அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் அமைச்சரவையைக் கலைக்கச் சொன்ன கட்சித் தலைவர் பதினாறு வருஷம் கழித்துத் தன் முன் மனுதாரராக நிற்கிறார். தன்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்த அரசின் பிரதமரும் அவரேதான். பழி வாங்கவும் ஒரு காரணம் இருந்தது, நன்றிக் கடன் தீர்க்கவும் ஒரு காரணம் இருந்தது.

சட்ட அமைச்சர் எச்.ஆர்.கோகலே தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். எதற்கு என்று இவர் கேட்க, அலகாபாத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு பற்றி என்று பதில் வந்தது. பார்க்க வர வேண்டாம், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். கிருஷ்ணய்யரே பின்னாளில் பதிவு செய்த விஷயம் இது. இவரும் அமைச்சராக இருந்தவர்தான். ஓர் அமைச்சரின் போன் எந்தக் குரலில் வரும், 'சும்மா பார்க்கலாமா' என்றால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அரசியல் அனுபவம் அந்த இடத்தில் கைகொடுத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஜூன் 23 அன்று விசாரணை. இந்திராவுக்காக நானி பல்கிவாலா, ரேபரேலியில் அவரிடம் தோற்று வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷண். நாடே பிரதமருக்குப் பின்னால் நிற்கிறது, நிபந்தனையில்லாத தடை கொடுக்காவிட்டால் பெரிய விளைவுகள் வரும் என்று பல்கிவாலா வாதிட்டார். நாள் முழுக்க வாதம். மறுநாளே உத்தரவு. அலகாபாத் தீர்ப்புக்குத் தடை உண்டு, ஆனால் நிபந்தனையோடு. இந்திரா அவைக்குப் போகலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். உறுப்பினராக ஓட்டுப் போடக் கூடாது, உறுப்பினருக்கான சம்பளம் வாங்கக் கூடாது. பிரதமராகத் தொடரத் தடையில்லை.

அன்றைக்கு இதைப் படித்த பலருக்கு அங்கேயும் இங்கேயும் இல்லாத உத்தரவாகத் தெரிந்தது. இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தேர்தல் முறைகேட்டில் பதவி இழந்த சாதாரண உறுப்பினர்கள் மேல்முறையீட்டுக்கு வந்தால் உச்ச நீதிமன்றம் வழக்கமாகக் கொடுத்துவந்தது இதே மாதிரி நிபந்தனைத் தடைதான். பிரதமருக்கு அதைவிடக் கூடவும் கொடுக்கவில்லை, குறைவாகவும் கொடுக்கவில்லை. அமைச்சர் என்ற முறையில் அவையில் பேசும் உரிமையை 88-வது பிரிவு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது, ஓட்டுரிமையை மட்டும் கொடுக்கவில்லை. சாசனத்தில் இருந்ததைத்தான் எடுத்து வைத்தார்.

மறுநாள் ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் கூட்டம். அன்று இரவே நெருக்கடி நிலை. நிபந்தனையில்லாமல் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். தடையே கொடுக்காமல் இருந்திருந்தால் இந்திரா போயிருப்பார் என்று வேறு சிலர். இரண்டுமே ஒரு நீதிபதி நாட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ஓர் அரசியல்வாதி அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். அவர் போடவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முக்கியமான சாட்சி.

1974-ல் வந்த ஷம்ஷேர் சிங் வழக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடியரசுத் தலைவரும் ஆளுநரும் ஒருசில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று தனக்கும் பகவதிக்குமாகச் சேர்த்து எழுதியவர் இவர். ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடுகிறார் என்று இன்று தமிழ்நாட்டில் பேசும் ஒவ்வொரு விவாதத்திலும் ஷம்ஷேர் சிங் வந்துவிடும். மாநில அமைச்சராக இருந்து, டெல்லியின் ஓர் அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் எழுதியது அது.

1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, சட்டத்தில் எழுதிய நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னது. முன்னால் சொன்ன ஏ.கே.கோபாலன் வழக்கின் பார்வை அதோடு முடிந்தது. முதன்மைத் தீர்ப்பு பகவதியுடையது. அதை ஆதரித்துத் தனியாக எழுதியவர்களில் கிருஷ்ணய்யரும் உண்டு.

அதற்குப் பிறகு வந்த இரண்டரை வருஷத்துச் சிறை வழக்குகளைத்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்று நான் சொல்வேன்.

திகார் சிறையில் சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதியைத் தனிமையில் அடைத்திருந்தார்கள். அதே வழக்கோடு சார்லஸ் சோப்ராஜ் காலில் பூட்டிய இரும்பு விலங்கும் வந்தது. நீதிபதிகள் திகாருக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடியும்வரை ஒருவரைத் தூக்குக் கைதி என்று தனியே ஒதுக்க முடியாது, தனிமைச் சிறை என்பதே தனியான தண்டனை, நீதிமன்றம் கொடுக்காத தண்டனையைச் சிறை அதிகாரி கொடுக்க முடியாது என்று 1978 ஆகஸ்டில் தீர்ப்பு. அடுத்த வருஷம் அதே பத்ரா உள்ளேயிருந்து ஒரு கடிதம் எழுதினார். தனக்காக இல்லை. வேறொரு கைதியிடம் பணம் பறிக்க ஒரு வார்டன் செய்த சித்திரவதை பற்றி. வக்கீல் கிடையாது, பிரமாண வாக்குமூலம் கிடையாது, கோர்ட் கட்டணம் கிடையாது. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். சிறையில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதிகள் போய்ப் பார்க்க வேண்டும், கைதிக்குத் தன் உரிமைகளைச் சொல்லும் கையேடு அவன் மொழியில் கிடைக்க வேண்டும் என்று உத்தரவுகள். சிறைக்குள் மனிதன் எப்படி ஊமையாகிப் போகிறான் என்று தெரிந்தவருக்குத்தான் பெட்டி வைக்கத் தோன்றும்.

1980-ல் பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி கைவிலங்கு பற்றி ஒரு தந்தி அனுப்பினார். போலீஸ் விதிகளில் 'உயர் வகுப்பு' கைதிகளுக்குப் பொதுவாக விலங்கு வேண்டாம் என்று இருந்தது. பணமும் படிப்பும் இருப்பவன் ஓட மாட்டான், ஏழை ஓடிவிடுவான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு அந்தப் பாகுபாட்டையே அடித்துவிட்டார். விலங்கு போட்டால் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும், நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும். இன்றைக்கும் வழிக்காவல் போலீஸார் கட்சிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களே, விலங்கு இல்லாமல்? இந்தத் தீர்ப்பை விட்டால் அதற்கு வேறு விளக்கம் இல்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது மோதி ராம் வழக்கு, 1978 ஆகஸ்ட். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். தம்பி முன்வந்தார். தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, முடியாது என்றுவிட்டார்கள். கொத்தனார் மறுபடியும் உச்ச நீதிமன்றம்வரை வர வேண்டியதாயிற்று. கிருஷ்ணய்யர் தீர்ப்பில் ஒரு கேள்வி கேட்கிறார்: ஒரு மலையாளியோ தமிழரோ கன்னடரோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? ஒரே நாடு என்று சொல்லிவிட்டு மாவட்ட எல்லையில் நீதியை நிறுத்தலாமா? ஜாமீன்தாரர் இல்லாமல், ஆயிரம் ரூபாய்க்கு அவரே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையில் மோதி ராமை விடச் சொன்னார்.

சிறைக்கு வெளியேயும் அவர் கை நீண்டது. ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு தெருவின் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். கையில் காசில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம்வரை வந்து வாதிட்டது. நிதியில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி மக்களின் ஆரோக்கியத்தைக் கைகழுவ முடியாது என்று 1980-ல் தீர்ப்பு. அதற்கு முந்தைய வருஷம் சி.பி.முத்தம்மா வழக்கு. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. ஆண் அதிகாரிக்கு இல்லாத நிபந்தனை பெண்ணுக்கு மட்டும் எதற்கு என்று அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

இனி குறைகள். முதலில் அவருடைய மொழி. ஆங்கிலத்தில் சொல்லின்மேல் சொல்லை அடுக்கி, கவிதையும் வேதாந்தமும் கலந்து எழுதுவார். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை அந்த ஏழையின் வக்கீலே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சொன்ன விஷயத்தின் எளிமை சொன்ன விதத்தில் இல்லை.

இரண்டாவது, தான் நம்பியதைச் சட்டம் தாங்கும் அளவுக்கு மேல் சில இடங்களில் இழுத்தார். தூக்குத் தண்டனை அவருக்கு அடியோடு பிடிக்காது. 1974-ல் எடிகா அன்னம்மா வழக்கில் ஓர் ஏழைப் பெண்ணின் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது எல்லோரும் ஏற்கும்படி இருந்தது. 1979-ல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் இன்னும் தூரம் போனார். சமூகத்துக்கே ஆபத்தானவர் என்றால்தான் தூக்கு என்று கிட்டத்தட்டப் புதுச் சட்டமே எழுதினார். அடுத்த வருஷமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்தது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 'தொழில்' என்ற சொல்லுக்கு மருத்துவமனை, கல்லூரி வரை உள்ளே வரும்படி பொருள் சொன்னார். தொழிலாளர்களுக்குப் பெரிய பாதுகாப்புதான், ஆனால் ரொம்ப விரித்துவிட்டார் என்ற விமர்சனம் ஓயவில்லை. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கே அதை அனுப்பினார்கள். தனியார் சொத்தும் சமூகத்தின் பொருள் வளம்தான் என்று 1977 ரங்கநாத ரெட்டி வழக்கில் அவர் சொன்ன கருத்தை, 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையோர் நிராகரித்தார்கள். அவருடைய அணுகுமுறையைப் பெரும்பான்மைத் தீர்ப்பு கடுமையாக விமர்சித்தபோது, நீதிபதிகள் நாகரத்னாவும் தூலியாவும் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இங்கேதான் பழைய அரசியல்வாதி எட்டிப் பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னால், நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். தொழிலாளி, கைதி, குத்தகைதாரர் பக்கம் அவர் சாய்ந்ததுண்டு. தன் பழைய அணிக்கோ தன்னை நியமித்தவர்களுக்கோ சாய்ந்ததாக ஒரு வழக்கைக்கூட யாரும் காட்டியதில்லை.

மற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் புரியும். கே.எஸ்.ஹெக்டே காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து நீதிபதியானவர். காங்கிரஸ் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதினார். 1973-ல் அவரைத் தாண்டி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்கியபோது பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். பஹாருல் இஸ்லாமும் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து நீதிபதியானவர்தான். பிகார் முதலமைச்சராக இருந்த ஜகந்நாத் மிஸ்ராவுக்குச் சாதகமான 1982 தீர்ப்பில் இடம்பெற்றார். அடுத்த மாதமே பதவி விலகி காங்கிரஸ் வேட்பாளரானார். மூவருமே அரசியலிலிருந்து வந்தவர்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, முன்பு பா.ஜ.க.வில் இருந்த விக்டோரியா கௌரி நியமனமானபோதும் இதே விவாதம் பெரிதாக எழுந்தது. உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. நியமனத்துக்கு முன்னால் ஒருவர் எந்த மேடையில் நின்றார் என்பதைவிட, அங்கே என்ன பேசினார், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வரும் போனை எப்படி வைத்தார், இறங்கிய பிறகு எங்கே போனார் என்று கேட்பதுதான் எனக்குப் பயன்படுகிறது.

கிருஷ்ணய்யர் 1980 நவம்பரில் ஓய்வுபெற்று எர்ணாகுளத்துக்குப் போனார். மனைவி சாரதா 1974-லேயே இறந்துவிட்டார். அந்த வீட்டுக் கதவு கடைசிவரை திறந்தே இருந்தது என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். 1987-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். எதிரே ஆர்.வெங்கட்ராமன், அவரும் சென்னையில் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர். வெங்கட்ராமனுக்கு 7,40,148 வாக்கு மதிப்பு, இவருக்கு 2,81,550. தோற்பது தெரிந்தே நின்றது. பெண் கைதிகள் பற்றிய தேசியக் குழுவுக்கு அவரே தலைவர். 2002-ல் குஜராத் வன்முறை பற்றி விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயத்திலும் இருந்தார். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கைக் குறைக்க வேண்டும் என்று தொண்ணூறு வயது தாண்டியும் குரல் கொடுத்தார். 2014 பிப்ரவரியில் அது ஆயுளாகக் குறைந்ததைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று காலமானார்.

கடைசியாக ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஜாமீன் வாங்கினேன். கட்டட வேலைக்கு வந்தவர், சின்னத் திருட்டு வழக்கு. உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று கேட்டார்கள். அவருக்கு இந்த ஊரில் மேஸ்திரியைத் தவிர யாரையும் தெரியாது, மேஸ்திரி வர மாட்டேன் என்றுவிட்டார். நான் மோதி ராம் தீர்ப்பின் நகலை மடித்து எடுத்துப் போனேன். நிபந்தனையை மாற்றிச் சொந்தப் பிணையில் விட பதினேழு நாள் ஆனது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத கைதிகளுக்காக ஏழு வழிகாட்டுதல்கள் கொடுத்தது. ஏழாவது, உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்பது. மோதி ராமுக்கு நாற்பத்து நாலரை வருஷம் கழித்து. இப்போது இரண்டு நகல்களையும் சேர்த்துத்தான் வழக்குக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன்.